மாமாவின் மொரிஸ் மைனர் கெட்டுப்போன கார் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள். வீட்டில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள், விற்க யோசிக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். சண்டை பிடிக்க விருப்பமுள்ளவர்கள் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

ஏறாவூரிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் கொட்டில்களிலும் மாமரத்துக்குக் கீழேயும் கிடக்கிற மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் எல்லாவற்றையும் தேடி வெளியூர் ஆட்கள் வந்துபோகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதிலிருந்து தொடங்கிய வருகை இது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகும் நிற்கவில்லை. வருகிறவர் பொனட்டைத் தூக்குவார். உள்ளே டட்சன் எஞ்சின் இருக்கும். பொனட்டை மூடுவார். "இது ஒரிஜினல் இல்லியே. கெடுத்து வச்சிரிக்கிறீங்க" என்பார். அந்த ஒரு வசனத்தோடு விலை பாதியாகிவிடும். சொந்தக்காரரும் ஏதோ களவு பிடிபட்ட மாதிரித் தலையைக் குனிந்துகொள்வார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் நம்முடைய பொடியன்மார். என்னிடம் படித்துவிட்டு இப்போது கராஜ் வைத்திருக்கிற ஒருவன் போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு மைனரைக் காட்டினான். கூரையை அறுத்துத் திறந்த காராக்கப் போகிறானாம். பின்பக்கத்தைத் தாழ்த்தி, மட்கார்டை வெட்டி, அகலமான அலோய் வீல் போடப் போகிறானாம். ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி வரும் என்றான். ஏன்டா இப்படி என்று கேட்டேன். "சேர், இது ஏற்கெனவே கெட்டுப்போன கார்தானே. இதுல ஒரிஜினல் எண்டு என்னத்த இரிக்கி?"

கவனியுங்கள். கொழும்புக்காரர் சொன்ன அதே வசனம்தான். ஒருவர் மினுக்கி ஷோரூமில் வைக்க வருகிறார், மற்றவர் அறுத்து வீதியில் விட வருகிறார். பார்க்க எதிரும் புதிருமாகத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் நம்புகிற பொய் ஒன்றுதான்: நம்முடைய ஊரில் ஓடி, நம்முடைய ஆட்கள் திருத்திய கார், கெட்டுப்போன கார். அந்தப் பொய்க்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஒரிஜினலைக் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம்.

மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். பிறகு மினி காரையும் செய்தவர் அவர்தான். கார் முழுதாக வரைந்து முடிந்து, பம்பர் கூட அடித்து வந்த பிறகு, மனிதருக்கு அதன் அகலம் பிடிக்கவில்லை. மாதிரிக் காரை நடுவால் நீளத்துக்கு இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலத்தில் கண்ணுக்குச் சரி என்று பட்டது. அவ்வளவுதான். பொனட்டின் நடுவில் மேலெழும்பி ஓடுகிற பட்டை இருக்கிறதே, அழகுக்கு வைத்ததென்று நாம் நினைப்பது, அது அந்த நாலு அங்குலம்தான். ஏற்கெனவே அடித்து வைத்த பம்பர்களை வீசவும் மனமில்லை. அவற்றையும் நடுவில் வெட்டி, ஒட்டுத்துண்டு வைத்து, 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் காட்சியில் நிறுத்தினார்கள். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கோ காரின் முகமே பிடிக்கவில்லை. முட்டை அவித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்ததாகச் சொல்வார்கள்.

அதாவது காட்சியில் நின்ற அந்த மொரிஸ் மைனரே வெட்டி ஒட்டிய கார்.

பிறகாவது விட்டார்களா? முதலில் ஹெட்லைட் இரண்டும் கீழே, கிரில்லோடு சேர்ந்து இருந்தன. அமெரிக்காவில் லைட் இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வர, 1949 இல் அங்கே போகிற கார்களுக்கு லைட்டைத் தூக்கி மட்கார்டில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாக் காருக்கும் அதுவே வந்தது. 1952 இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒரே கம்பனியாகச் சேர்ந்தன. உடனே மொரிஸின் 918 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒஸ்டினின் 803 சிசி எஞ்சினைப் போட்டார்கள். நேற்று வரைக்கும் போட்டிக் கம்பனியாக இருந்தவனின் எஞ்சின்! 1956 இல் 948 சிசி, முன் கண்ணாடியும் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டானது. 1962 இல் 1098 சிசி. இந்த நாலு எஞ்சினில் எது ஒரிஜினல்? கம்பனி மாற்றினால் அது முன்னேற்றம், வந்தாறுமூலையில் மாற்றினால் அது கெடுதலா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாவிட்டால் இரவில் நித்திரை வராது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் சென்டர் என்று ஒரு இடம். அதை நடத்திய சார்ள்ஸ் வெயார் பழைய காரை வீசாமல் திருத்தித் திருத்தி ஓட்டுவதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் 1990களின் தொடக்கத்தில் மைனருக்கு வேண்டிய பாடிப் பாகங்களைச் செய்ய எங்கே வந்தார் தெரியுமா? இலங்கைக்கு. இங்குள்ள தனபால சமரசேகரவோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்று தொடங்கி, இலங்கைத் தொழிலாளர்கள் அடித்த தகரம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இங்கிலாந்துக்காரன் தன்னுடைய வீட்டுக் காரை ஒரிஜினலாக்க இலங்கைத் தகரம் போதும். இலங்கைக்காரன் தன்னுடைய காரை ஓட்டுவதற்குப் போட்ட இலங்கைத் தகரம் மட்டும் "லோக்கல் வேலை." வெட்கமாக இல்லையா நமக்கு?

இனி மாமாவின் காருக்கு வருகிறேன்.

1959 மொடல் மைனர் 1000. ஏறாவூரில் ஹயருக்கு ஓடியது. ஓட்டமாவடிக் கலியாணம், காத்தான்குடிச் சொந்தம், நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, எல்லாம் அந்தக் கார்தான். என்னைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதில்தான் என்று உம்மா சொல்வா. 1990 க்குப் பிறகு ஏறாவூர் முஸ்லிம்களும் பக்கத்துத் தமிழ் ஊரவர்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால்வைக்கப் பயந்த காலம் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே விரிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் எரிந்தது, இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எஞ்சின் கைவிட்டு, கார் கொட்டிலில் கோழி அடைகாக்கிற இடமாகக் கிடந்தது.

1995 இல் மாமா அதை ட்ரக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாறுமூலைக்குப் போனார். முந்தி அந்தக் காரைப் பார்த்த மெக்கானிக் அங்கேதான் இருந்தார், தமிழர். "எங்க காக்கா இவ்வளவு காலமும்?" என்று கேட்டாராம். வேறொன்றும் கேட்கவில்லையாம். ஒரு டட்சன் 1200 எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள். அதை மைனருக்குள் உட்கார வைக்க மவுண்ட் வேண்டுமே? கலப்பை இரும்பை வெட்டிச் செய்தார். தரைத்தகரம் உப்புக்காற்றில் உக்கிப் போயிருந்தது. தார்ப் பீப்பாயை விரித்து அடித்துப் போட்டார். மவுண்டின் அடியில் உளியால் 95 என்று கொத்தி வைத்திருக்கிறார். காருக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்தால் இன்றைக்கும் தெரியும்.

போன வருடம் வந்த ஒருவர் அந்த மவுண்டைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்றார். அடுத்தது தரை. அதற்குப் பிறகு கார் "அப்படியே 1959" ஆகிவிடுமாம்.

ஆகாது. அது 2025 இல் செய்த ஒரு புதுக் காராகத்தான் இருக்கும். 1959 ஐத் திரும்பக் கொண்டுவர எந்தக் கராஜாலும் முடியாது. 1995 ஐ அழிக்க மட்டும்தான் முடியும். திரும்ப ஒரிஜினலாக்குவது என்பதும் ஒரு மொடிஃபிகேஷன்தான். மற்றவன் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு செய்வதை இவர் பழைய கட்டலொக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

டட்சன் எஞ்சினைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. டட்சன் காரைச் செய்த நிசான் கம்பனி 1952 இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு, ஜப்பானில் ஒஸ்டின் கார் கட்டித்தான் தொழில் பழகியது. ஆகவே மாமாவின் மைனருக்குள் இருப்பது அந்நியன் இல்லை, தூரத்து மச்சான்.

நம்முடைய மாவட்டம் மட்டுமா? யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் போகவிடாமல் தடை. ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறோம், ஆனால் அதற்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று யோசிப்பதில்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சின் ஸ்டார்ட் எடுக்காது. அதனால் சின்னப் போத்தலில் தங்கம் மாதிரிக் காத்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். அதற்கு டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும். அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். இங்கிலாந்தின் ஃபேர்கசன் ட்ரக்டரில் இதே வேலையைக் கம்பனியே செய்து விற்றது, பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மலிவு எண்ணெய்க்கு மாற்றுகிற மொடல் ஒன்று அதில் இருந்தது. அங்கே எஞ்சினியர் செய்தது. இங்கே பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு மெக்கானிக், தலைக்கு மேல் பொம்மர் சுற்றும்போது செய்தார். அந்தக் காரிலிருந்து அந்த இரண்டாவது டாங்கியையும் குழாயையும் கழற்றி எறிந்துவிட்டு, மினுங்குகிற காபரேட்டர் ஒன்றைப் போட்டு "இப்பதான் ஒரிஜினல்" என்று சொல்கிறவருக்கு நான் என்ன சொல்ல?

நம்பர் பிளேட்டிலும் ஒரிஜினல் கேட்கிறார்கள். சரி, எந்த ஒரிஜினல்? 1957 க்கு முந்தி இங்கிலீஷ் எழுத்து. 1957 இலிருந்து சிங்கள ஸ்ரீ. அதை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேர் தமிழ் ஸ்ரீ எழுதி ஓடினார்கள், அது நாட்டையே உலுக்கியது. தமிழ் ஸ்ரீ எழுதிய பிளேட் ஒன்று யாருடைய கொட்டிலிலாவது இருந்தால், அதுதான் இந்த மாவட்டத்தின் அரும்பொருள். ஒரிஜினல் தேடி வருகிற எவரும் அதைக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

"இதெல்லாம் உணர்ச்சிக் கதை சேர், சந்தையில் விலைபோகாது" என்பீர்கள். விலையிலேயே பேசுவோம். 1929 இலும் 1930 இலும் பிரான்ஸில் லே மான் 24 மணி நேர ஓட்டத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று, 'ஓல்ட் நம்பர் வன்' என்று பெயர். அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதன் சொந்தக்காரர் அதை ஒரு கோடி பவுணுக்கு விற்க உடன்பட்டார். வாங்க வந்த கம்பனி பிறகு பின்வாங்கியது: இதில் அன்றைக்கு ஓடிய பாகம் எவ்வளவு இருக்கிறது, பாடி மாறியிருக்கிறது, எஞ்சின் மாறியிருக்கிறது, இது அந்தக் கார் இல்லை என்று. வழக்கு 1990 இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. நீதிபதி ஒட்டன் என்ன தீர்ப்பளித்தார் தெரியுமா? பாகங்கள் மாறியது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் அந்தக் காரின் வாழ்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. இடையில் எங்கேயும் அந்தக் கார் இல்லாமல் போய் வேறு கார் வரவில்லை. ஆகவே இது அந்தக் கார்தான், வாங்க ஒப்புக்கொண்டவர் வாங்கத்தான் வேண்டும்.

ஒரு கோடி பவுண் பென்ட்லிக்கு உள்ள நியாயம் ஏறாவூர் மைனருக்கு இல்லையா? ஒரே ஒரு வித்தியாசம்: பென்ட்லியின் மாற்றமெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எந்த வருடம், யார், ஏன் மாற்றினார்கள் என்று சொல்ல ஆதாரம் இருந்தது. நம்மிடம் இல்லாதது ஒரிஜினல் எஞ்சின் அல்ல. நம்மிடம் இல்லாதது கொப்பி.

பழைய வாகனக் கழகங்களின் உலகச் சம்மேளனம் ஒன்று இருக்கிறது, ஃபீவா என்பார்கள். அது 2012 இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஒரிஜினல் ஒரிஜினல் என்று குதிக்கிறவர்கள் அதை வாசித்தார்களா தெரியாது. புதிதாக்குவதை விட இருப்பதைப் பேணுவது மேல் என்பது அதன் சாரம். காரின் வாழ்நாளில் நடந்த மாற்றம் காரின் வரலாறு. செய்கிற வேலை திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், எழுதிவைக்கப்பட வேண்டும். இவ்வளவும் எனக்கு உடன்பாடு. ஆனால் அதே ஃபீவா வரலாற்று வாகனம் என்றால் என்ன என்று சொல்லும்போது, முப்பது வயதாவது இருக்க வேண்டும், நாளாந்தப் போக்குவரத்துக்குப் பாவிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இடத்தில் நான் இறங்கிக்கொள்கிறேன். ஐரோப்பாவில் பழைய கார் ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிற பொருள். இங்கே 2022 வரைக்கும் மாமாவின் கார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், கியூஆர் கோட்டுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு நின்ற கிழமைகளில்தான் அது ஓய்வெடுத்தது. உழைத்ததால் வரலாறு இல்லாமல் போகுமா?

இனி பொடியன்மார் பக்கம். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துங்கள், உங்களுக்கும் இருக்கிறது.

மாமா எஞ்சின் மாற்றியது கார் ஓட வேண்டும் என்பதற்காக. நீ கூரையை அறுப்பது போட்டோவுக்காக. இரண்டும் ஒன்றல்ல. மைனருக்கு லொறி மாதிரித் தனிச் சட்டகம் கிடையாது. பாடியே சட்டகம். கூரை, கதவுத்தூண், கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித்தகரம் எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகிறது. கம்பனி திறந்த மைனர் செய்தபோது கீழே மேலதிக இரும்பு கொடுத்துத்தான் செய்தது. நீ கிரைண்டரால் கூரையை எடுத்துவிட்டுக் கீழே ஒன்றும் கொடுக்காமல் விட்டால், முதல் பள்ளத்தில் கதவு திறபடாது, பத்தாவது பள்ளத்தில் நடுவால் தொங்கும். அதோடு இது வாவிக்கரை ஊர். உப்புக்காற்று முதலில் தின்பது அந்தப் பெட்டித்தகரத்தைத்தான், அதுவும் உள்ளிருந்து. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். உன்னுடைய அலோய் வீல் காசை அந்தத் தகரத்துக்குச் செலவழி என்றேன். முகம் சுருங்கியது. என்ன செய்ய, படிப்பித்தவன் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் உள்ள அளவுகோல் ஒன்றுதான். திரும்பக் கழற்ற முடியுமா? போல்ட்டில் பூட்டியதைக் கழற்றலாம். அறுத்த கூரையை ஒட்டினாலும் அது அறுத்த கூரைதான்.

கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924 இல் கட்டிய லேடி மெனிங் பாலம், ஒரு வாகனம் போனால் மற்றது நின்று பார்க்க வேண்டிய அகலம். அதை உடைத்து அகலமாக்கவில்லை. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2013 இல் திறந்தார்கள். பழையதில் இப்போது பின்னேரம் நடக்கிறோம், மீன் தூண்டில் போடுகிறோம். அதே நேரம் வந்தாறுமூலையைப் பாருங்கள். மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம். 1990 இல் அதே வளாகம் அகதி முகாம். அந்தக் கட்டடங்களைப் பார்த்து "இது ஒரிஜினல் பள்ளிக்கூடம் இல்லை, கெட்டுப்போன கட்டடம்" என்று யாராவது சொல்வோமா? பாலத்தைத் தொடாமல் விட்டதும் சரி, பள்ளிக்கூடத்தைப் பல்கலைக்கழகமாக்கியதும் சரி. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யோசித்துச் செய்தார்கள், அதனால் சரி.

யோசிக்காமல் செய்வதன் முடிவை 2025 ஜனவரியில் பார்த்தோம். பொலிஸார் பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் பூட்டிய அலங்காரங்களைக் கழற்றச் சொல்லத் தொடங்க, நாடே இரண்டுபட்டது. அப்போதும் கண்ணைக் கூச வைக்கிற லைட்டும் ஒரு சாரதி தன் பிள்ளையின் பெயரை எழுதிய ஸ்டிக்கரும் ஒரே குற்றம் மாதிரித்தான் பேசப்பட்டன.

மாமாவின் மச்சான்மார், அதாவது என் பெரியவர்கள் சிலர், "அப்ப ஒண்டையும் மாத்தப்படாதா?" என்று கேட்கிறார்கள். மாத்துங்கள். தாராளமாக மாத்துங்கள். மைனருக்கு நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். 1959 இல் வீதியில் மாட்டுவண்டியும் சைக்கிளும் போனபோது அது போதும். இன்றைக்கு ஏ15 வீதியில் இரவு பஸ் எப்படி வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். டிஸ்க் பிரேக் போடலாம், போல்ட்டில் பூட்டுகிற கிட் இருக்கிறது. பழைய ட்ரம்மைச் சாக்கில் கட்டி வையுங்கள். சீட் பெல்ட் போடுங்கள், இதில் வாதமே இல்லை. 1961 வரைக்கும் வந்த மைனர்களில் திரும்பும்போது கதவுத்தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே எழும்பும், பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள். அதைக் கழற்ற வேண்டாம், ஓடட்டும். ஆனால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பொடியனுக்கு அந்தக் கை என்ன சொல்கிறது என்று விளங்காது. பளிச்சிடுகிற சிக்னல் லைட்டும் போடுங்கள். வயரிங்கில் கவனம்: மைனர் பொசிட்டிவ் எர்த், நாம் இன்றைக்கு வாங்குகிற எல்லாம் நெகட்டிவ் எர்த். தெரியாமல் ரேடியோவைப் பூட்டி எரித்தவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற கீழ் மூட்டுக்குக் கிரீஸ் அடிக்க மறக்க வேண்டாம். அது தேய்ந்து கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஒரிஜினலா மொடிஃபையா என்று விவாதிக்க ஆள் மிஞ்சாது.

எஞ்சின் மாற்றியவர்கள் சீஆர் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து சரிசெய்யுங்கள். விற்க வருகிற அன்றைக்கு வாங்குகிறவர் விலை குறைக்கப் பிடிக்கிற முதல் பிடி அது. கொண்டுபோய்ச் சரிசெய்து வைத்துவிட்டு, பிறகு நிமிர்ந்து நின்று பேசுங்கள்: ஆம், எஞ்சின் டட்சன், 1995 இல் மாற்றியது, இன்ன காரணம், இன்ன ஆள், பாருங்கள் எழுதியிருக்கிறது. கெடுத்ததில்லை, காப்பாற்றியது. வேண்டுமென்றால் அந்த விலைக்கு எடுங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த சின்ன விஷயம் ஒன்று. பிள்ளை பிழையாகச் செய்த கணக்கை அழிறப்பரால் அழிக்க விடாதே, ஒரு கோடு போட்டு வெட்டச் சொல்லு. அப்போதுதான் அவன் எந்தப் படியில் எப்படி யோசித்தான் என்று உனக்குத் தெரியும். கொழும்புக்காரர் அழிறப்பரோடு வருகிறார். என் மாணவன் கொப்பியையே கிழிக்கப் பார்க்கிறான்.

மாமா மவுத்தாகி இரண்டு வருடமாகிறது. மச்சான்மாருக்குக் காரை விற்கத்தான் எண்ணம், வீடு கட்டுகிறார்கள், அது அவர்களின் உரிமை, நான் குறுக்கே நிற்கவில்லை. பாதி விலைக்கு விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த மெக்கானிக் இப்போதும் வந்தாறுமூலையில் இருக்கிறார், கண் கொஞ்சம் மங்கல், ஞாபகம் கூர்மை. போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு போய் ஒரு சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஆசிரியன் சீஆர் கொப்பி என்றால் எழுதுகிற கொப்பி, மேலே சொன்ன வாகனப் புத்தகம் இல்லை. எஞ்சின் எங்கே வாங்கியது, கலப்பை யாருடையது, பீப்பாய் எந்த வேலைக்கு வந்தது, கூலி எவ்வளவு பேசி எவ்வளவு வாங்கினார். கூலியில் பாதியைத்தான் வாங்கினாராம். மிச்சத்துக்கு மாமா பெருநாளைக்கு மாட்டிறைச்சி அனுப்ப, "நாங்க மாடு சாப்பிடமாட்டம் எண்டு காக்காக்கு மறந்து போயித்து" என்று சிரித்தார். அதையும் எழுதிவிட்டேன்.

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம் யாரிடமாவது ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில் வருவேன். போட்டோ எடுப்பது, கீழே படுத்துப் பார்ப்பது, எழுதுவது எல்லாம் இலவசம். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: நான் வரும் வரைக்கும் எதையும் வெட்ட வேண்டாம், அந்தக் காரைத் திருத்திய ஆள் உயிரோடு இருந்தால் அவரையும் கூப்பிட்டு வையுங்கள்.